நூறு வராத ஊர்

நூறைத் தொட்டதும் தானே அணைந்துவிடும்
என்று சொல்லித்தான் உபால்டோ பொத்தானை அழுத்தினான்.
கறுப்புப் பெட்டி, சிவப்பு எண்கள்,
ஆன்ட்வெர்ப்பில் யாரோ பயன்படுத்திக் கழித்தது.
பார்லியை ஊறவைக்கும் முன்
தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குளோரின் வாடையைப் போக்கவேண்டும்,
கூடவே வந்த தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது.
எதிர்வீட்டில் கல்யாணம்.
இரண்டு சுற்று ஆடிவிட்டு வருவோம் என்றேன்.
எல் ஆல்டோவில் எந்தக் கல்யாணம்
இரண்டு சுற்றோடு முடிந்திருக்கிறது?

விடியலில் கராஜைத் திறந்தால்
இருபது லிட்டர் அண்டாவில் ஒரு சொட்டு இல்லை.
கம்பிச்சுருள் கருகிக் கிடந்தது.
கூரைத் தகரத்தில் உறைந்திருந்த எங்கள் தண்ணீர்
வெயில் பட்டதும் எங்கள் தலையிலேயே சொட்டியது.
பெட்டி அணைந்திருந்தது.
ராத்திரி முழுக்கக் கொதித்தும் வராத நூறு
தண்ணீர் தீர்ந்த பிறகு
வெறும் பாத்திரத்துக்கு வந்திருக்கிறது.
சொன்ன சொல் தவறாத பெட்டி.

உபால்டோ சுங்க அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன்.
குற்றவாளி கிடைக்காமல் எந்த ஃபைலையும் மூடமாட்டான்.
தெர்மாமீட்டர் பொய் சொல்கிறது என்றான்.
கொதிக்கும் கெட்டிலில் அதை முக்கினான்: எண்பத்தேழு.
குப்பையில் போட்டான்.
புதிதாக ஒன்று வாங்கினான்: எண்பத்தேழு.
ஆய்வுக்கூடத்தில் வேலைபார்க்கும் மைத்துனியிடம்
பாதரசக் குழாய் ஒன்றைக் கெஞ்சி வாங்கிவந்தான்.
எண்பத்தேழுக்கு ஒரு மயிரிழை கீழே.
மூன்று சாட்சிகள்,
ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள்.

நான்தான் முதலில் சிரித்தேன்.
நாலாயிரம் மீட்டர் உயரம்.
பயறு வேகப் பிரஷர் குக்கர் வேண்டும் என்பது
இந்தத் தெருவில் பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரியும்.
எங்களுக்கும் தெரியும்.
பீர் என்றதும்
அது கடலோரத்துக்காரர்களின் விஷயம்,
அங்கே கொதிப்பதுபோலத்தான் இங்கேயும் கொதிக்கும்
என்று நினைத்துவிட்டோம்.

நூறு தீர்ந்தது. அறுபத்தாறு தீரவில்லை.

அறுபத்தாறில் ஒரு மணி நேரம் நிற்கவேண்டும் பார்லி.
அறுபத்துமூன்றுக்கு இறங்கினால் பீர் மெலிந்து வறண்டுவிடும்.
எழுபதுக்குப் போனால் இனிப்பு தங்கி நாக்கில் ஒட்டும்.
புதுச் சுருள் மாட்டினோம்.
அறுபத்தாறில் பெட்டி டக்கென்று அணையும்.
தண்ணீருக்கு அது தெரியாது.
அறுபத்தெட்டு. எழுபது. எழுபத்தொன்று.
உபால்டோ ஐஸ்கட்டி போடுவான், அறுபது.
மறுபடி சூடு, மறுபடி ஐஸ்.
ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை.
இரண்டு ஞாயிறு கஞ்சியை வாசலில் கொட்டினோம்.
தெருநாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின.

எனக்குக் கேபிள் கார் நிலையத்தில் வேலை.
கம்பியிலிருந்து கழன்று உள்ளே வரும் கூண்டை
நடைமேடைக்கு வெகு முன்பே
வரிசையாய்ச் சுழலும் டயர்கள் பிடித்து மெதுவாக்கும்.
நடைமேடை வந்தபிறகு பிடித்தால்
கூண்டு மறுபக்கச் சுவரில்தான் நிற்கும்.
ஒரு நாளைக்குப் பத்து மணிநேரம்
இதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்,
சம்பளத்துக்கு.

மூன்றாம் ஞாயிறு
அறுபத்துமூன்றில் நானே பிளக்கைப் பிடுங்கினேன்.
டெல்ஃபினா, பைத்தியமா என்று கத்தினான்.
மரத்துடுப்பால் மெல்லக் கிளறிக்கொண்டு நின்றேன்.
சுருளில் மிச்சமிருந்த சூடு
யாரும் கேட்காமலே ஏறியது:
அறுபத்துநான்கு,
அறுபத்தைந்து,
அறுபத்தைந்தே முக்கால்.
அங்கேயே நின்றுவிட்டது.
கால் டிகிரி குறைகிறது என்று நீண்ட கை
பிளக்கைத் தொடவில்லை.
சட்டைப்பைக்குள் போய்விட்டது.

பெட்டியின் நெற்றியில் இப்போது ஒரு பிளாஸ்திரி.
உபால்டோவின் சுங்க அலுவலகக் கையெழுத்தில்
‘எங்கள் நூறு: 87.’

முதல் கோப்பையில் ஒரு வாயளவு
இங்கே வழக்கம்போலப் பூமித்தாய்க்குத் தரையில் ஊற்றினோம்.
எத்தனை டிகிரி என்று அவள் கேட்கவில்லை.
ஒன்பது
என்றான் உபால்டோ.